கஸ்னா கேட்ட ஒற்றைக் கம்பம்

கஸ்னா கேட்டது ஒரே ஒரு கம்பம்தான். கூடாரத்தின் நடுக்கால் காற்றில் முறிந்து, ஆட்டுமயிர்த் துணி மொத்தமும் அவள் தலைமேல் உட்கார்ந்துவிட்ட ஒரு காலையில் கேட்டாள். கூடாரத்துக்கு வெளியே நாலு எட்டு வைத்தால் மரம் குன்றுபோல் அடுக்கிக் கிடந்தது. இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த மரம். கம்பங்களும் பலகைகளுமாக, நூறு கூடாரங்களுக்குக் கால் நாட்டினாலும் மிச்சமிருக்கும். அவள் புருஷன் ஹத்லான் அதில் ஒன்றைக்கூடத் தொட விடவில்லை.

அவன் கஞ்சனில்லை. விருந்தாளி வந்தால், இருக்கிற ஒற்றை ஆட்டையும் அறுத்துப் போட்டுவிட்டு நாளைக்கு என்ன என்று கேட்காத ஆள்தான்.

ஹத்லானும் கஸ்னாவும் அண்ணன் தம்பி மக்கள். ஹத்லானின் தகப்பன் மூத்தவர், கஸ்னாவின் தகப்பன் இளையவர். எங்கள் ஆட்களில் சித்தப்பன் மகளைக் கேட்கும் முதல் உரிமை பெரியப்பன் மகனுக்கு. அவன் வேண்டாமென்றால்தான் அடுத்தவன் வாய் திறக்கலாம். ஹத்லான் வேண்டும் என்றான். பதினாறு வருஷம் ஒரே கூடாரத்தில் இருந்தார்கள். பிள்ளை தங்கவில்லை. அதனால் அவளுக்கு அவன், அவனுக்கு அவள் என்றாகிப்போனது. கஸ்னாவுக்கு ஒரே தம்பி, பகீத். வாய் நீளம்.

கத்தாரின் மேற்குக் கரையில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க நஸ்ரானிகள், அந்த வெள்ளைக்காரக் கிறிஸ்தவர்கள், முதன்முதலாக வந்தபோது, கூடவே ஒரு கடிதமும் வந்தது. ஆட்சியாளர் எங்கள் ஊரில் இருந்தார். அவருக்கு மேலே, கடலுக்கு அப்பால் தீவில், இங்கிலீஷ் அதிகாரி ஒருவன் இருந்தான். யார் கரையிறங்கலாம், யார் எங்கே துளை போடலாம் என்பதெல்லாம் அவன் பேனாவில் இருந்தது. எங்கள் கூட்டத்து ஆள் ஒருவன் கூட வராமல் நஸ்ரானிகள் எங்கள் கிணறுகளைத் தாண்டக்கூடாது என்று அவன் அந்தக் கடிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தான். அந்த வழித்துணைக்கு ஹத்லான் போனான். வண்டிக்கு முன்னால் ஒட்டகத்தில் போவான். எதிரே துப்பாக்கியோடு யாராவது வந்தால், "இவங்க என் முகத்துல இருக்காங்க" என்பான். அவ்வளவுதான், வந்தவன் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டுக் காப்பி கேட்பான்.

என் முகத்தில் என்று ஒருவன் சொல்லிவிட்டால், அந்த ஆளோ பொருளோ அவன் கண்ணும் மூக்கும்போல அவனுடையதாகிவிடும். அதற்குச் சேதம் வந்தால் முகம் கறுத்தது. கறுத்த முகத்துக்காரன் காப்பி வட்டத்தில் உட்கார முடியாது. அவன் செத்த பிறகும் அவன் அண்ணன் தம்பி மக்களுக்கு அந்தக் கறுப்பு போகாது. ஹத்லானின் பாட்டன் இப்படி ஒரு விருந்தாளிக்காகத் தன் சொந்த அத்தை மகனோடு ஏழு வருஷம் பேசாமல் இருந்தவர். அந்த ரத்தம்தான் இவனுக்கும்.

அந்த நஸ்ரானிகளில் ஒரு எஞ்சினியர், ஹாலிஸ் என்று பெயர். எங்கள் நாக்கில் அது காலிஸ் ஆகிவிட்டது. காலிஸ் என்றால் தீர்ந்துபோனது. "தீர்ந்துபோனவன் வர்றான்டி" என்று கூடாரத்துப் பெண்கள் சிரிப்பார்கள். நல்ல மனிதன். எங்கள் பேச்சை ஒரு புத்தகத்திலும் ஒரு சமையல்காரனிடத்திலும் கற்றிருந்தான். அதனால் பாதி நேரம் தலைகீழாகப் பேசுவான். ஒருமுறை விருந்து முடிந்து வயிற்றைத் தட்டிக்கொண்டு, "ஒட்டகம் என்னை நல்லாச் சாப்பிட்டுச்சு" என்றான். பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் இருந்த கஸ்னாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. காப்பி குடிக்க அடிக்கடி வருவான். வளைந்து நிற்கிற நடுக்காலைப் பார்த்து, "இது ரொம்பக் கிழவன்" என்பான்.

உலகப்போர் வந்தது. எதிரியின் கைக்கு எண்ணெய் போய்விடக்கூடாதென்று துளைகளில் சிமெண்ட் கொட்டி அடைக்கச் சொல்லித் தீவிலிருந்து உத்தரவும் வந்தது. அடைத்தார்கள். எஞ்சின்களைக் கழற்றிக் கப்பலில் ஏற்றினார்கள். ஏற்ற முடியாத மரமும், தகரமும், பீப்பாய்களும் ஒரு தகரக் கொட்டகையைச் சுற்றிக் கிடந்தன. கடைசி வண்டி கிளம்பும்போது ஹாலிஸ் இறங்கி வந்தான். ஹத்லானின் தோளைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை அந்தக் குவியல்மேல் ஒரு சுற்றுச் சுற்றினான்.

"இதெல்லாம் உன் மேல, ஹத்லான். எல்லாம் உன் மேல."

ஹத்லான் தன் மூக்கு நுனியைத் தொட்டான். "என் முகத்துல" என்றான்.

ஹாலிஸுக்குக் கண் கலங்கியிருந்தது. வண்டி போனது. புழுதி அடங்குமுன்பே, வேலைக்கு வந்திருந்த கூட்டமும் கலைந்தது.

முதல் குளிர்காலத்தில்தான் அந்த நடுக்கால் முறிந்தது.

துணிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்த கஸ்னா முக்காட்டை உதறிவிட்டு, "பெரியப்பா மவனே, ஒரு கம்பம் எடுத்துட்டு வா" என்றாள்.

"அது என்னுது இல்ல."

"யாருது?"

"காலிஸோடது. என் முகத்துல இருக்கு."

"அவன் உனக்குக் குடுத்துட்டுப் போனான்யா. நான் திரைக்குப் பின்னால கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"நானும் கேட்டேன். உன் மேலன்னான். உனக்குன்னு சொல்லலை."

எங்கள் பேச்சில் அவை இரண்டும் குட்டிச் சொற்கள். உனக்கு என்றால் உன் லாபம். உன் மேல் என்றால் உன் பாரம். பால் குடிக்கிற பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும்.

கஸ்னா இடுப்பில் கை வைத்தாள். "ஒட்டகம் என்னைத் தின்னுதுன்னு சொன்ன ஆளு அவன். அவனுக்கு மேலயும் கீழயும் தெரியுமா? உனக்குன்னு சொல்லத்தான் வந்திருப்பான். இந்தக் கிழவன் காலைப் பார்த்துப் பார்த்துத்தானே சொல்லிக்கிட்டிருந்தான்!"

"இருக்கலாம், சித்தப்பா மவளே. ஆனா அவன் வாயில வந்தது அதுதான். நான் மூக்கைத் தொட்டது அந்தச் சொல்லுக்கு. மனசுல நெனச்சதுக்கு நான் எப்படிக் காவல் இருக்கிறது?"

"ஒரே ஒரு கம்பம்யா. திரும்பி வந்தா நானே அவன்கிட்டச் சொல்லிக்கிறேன்."

"ஒண்ணு எடுத்தா நாளைக்கு உன் தம்பி ரெண்டு கேப்பான்."

 முறிந்த காலை ஈச்ச நாரால் கட்டி, கூடாரத்தைப் பாதி உயரத்துக்கு நிறுத்தினார்கள். உள்ளே குனிந்துதான் நடமாட முடியும். அடுத்த மழையில் அதுவும் விழுந்தது. பகீத் தெற்கே மேய்ச்சலுக்குக் கிளம்பியபோது, கஸ்னா கூடாரத் துணியையும் தன் திரிகைக் கல்லையும் காப்பிக் குடத்தையும் அவன் ஒட்டகத்தில் ஏற்றினாள். ஹத்லானின் குடத்தை மட்டும் அங்கேயே விட்டுவைத்தாள்.

"வர்றியா?" என்றாள்.

"இதை யார்கிட்ட ஒப்படைக்கிறது?"

"அதான் நானும் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு ஒட்டகத்தை எழுப்பினாள்.

அதன்பிறகும் ஹத்லான் தகரக் கொட்டகைக்குள் படுக்கவில்லை, அதுவும் காவலில் இருந்த பொருள்தானே. அதன் நிழலில், வெளியே படுத்தான். காலையில் எழுந்து தொழுவான். பிறகு மரங்களைப் பிரித்து அடுக்குவான். அடியில் இருப்பது மேலே, மேலே இருப்பது அடியில். இல்லாவிட்டால் கரையான் பிடித்துவிடும். முழு அடுக்கும் ஒரு சுற்று முடிய எட்டு நாள் ஆகும். முடிந்த மறுநாள் திரும்பத் தொடங்குவான். ஒன்றில் கப்பல்காரன் யாரோ கத்தியால் மீன் செதுக்கியிருந்தான். அந்த மரம் கைக்கு வருகிற நாளில் அதற்கு ஸலாம் சொல்வான். தண்ணீருக்குக் கிணறு ஒரு நாழிகை நடை. போய்விட்டு ஓடிவருவான், வீட்டில் பச்சைப் பிள்ளையை விட்டு வந்தவன்போல.

போர்க்காலத்தில் அரிசியும் சர்க்கரையும் சீட்டுக்குத்தான் கிடைத்தன. சீட்டு, கூட்டத்தலைவர் எழுதிய பட்டியலில் பெயர் இருப்பவனுக்கு. ஹத்லான் ஒருமுறை ஊருக்கு நடந்து போய்க் கேட்டான். பட்டியல் வைத்திருந்தவன் தலையாட்டினான். "நீ எண்ணெய்க் கம்பெனி ஆளாச்சே. உனக்குக் கம்பெனிதான் தரணும்."

"கம்பெனி போயிடுச்சே."

"அப்ப நீ மட்டும் ஏன் இருக்கே?"

வெறுங்கையோடு திரும்பி வந்தான். கடலோரம் கிடைக்கிற மீனைக் காயவைத்துத் தின்றான். வெட்டுக்கிளி வந்த வருஷம் வெட்டுக்கிளி. ஏலக்காய் தீர்ந்தது, காப்பிக்கொட்டை தீர்ந்தது. ஆனாலும் மாலையில் குடத்தை அடுப்பில் வைத்து வெறும் தண்ணீரைக் கொதிக்கவிடுவான். தூரத்திலிருந்து புகையைப் பார்க்கிறவனுக்கு இங்கே ஒரு மனிதன் இருக்கிறான் என்று தெரிய வேண்டுமே.

இரண்டாம் வருஷம் அதிகாரி படகில் வந்து, அடைத்த துளைகளைப் பார்த்துவிட்டுப் போனான். அவனோடு வந்த எழுத்தர் குறிப்பேட்டைத் திறந்துகொண்டு, "உன்னை யார் வெச்சது?" என்றான்.

"காலிஸ்."

"எது தீர்ந்தது?"

"தீரலை. காலிஸ் வெச்சான்."

எழுத்தர் தலையைச் சொறிந்தான். "நீ எந்தக் கூட்டத்து ஆள்? எந்தத் தலைவருக்குக் கட்டுப்பட்டவன்?"

ஹத்லான் அடுக்கைக் காட்டினான். "இதுக்குத்தான்."

எழுத்தர் அதை இங்கிலீஷில் சொன்னான். அதிகாரி சிரித்து, ஹத்லானின் தோளைத் தட்டி, ஒரு பொட்டலம் தேயிலை கொடுத்தான். காவலாள் இருக்கிறான் என்று எழுதிக்கொண்டார்கள். அதனால் வேறு காவலாளும் வரவில்லை. அந்தப் படகு போனபின் ஹத்லான் யாரோடும் பேச நாற்பது நாளுக்குமேல் ஆனது.

மூன்றாம் வருஷம் கோடையில் பகீத் வந்தான். இளைத்திருந்தான். இரண்டு ஒட்டகங்களைக் கொண்டுவந்திருந்தான், இரண்டும் எலும்பு.

"பாருடா, மரத்துக்குப் பொறந்தவனை!" என்று தூரத்திலிருந்தே கத்தினான். "பெரியப்பா மவனே, உன் பொண்டாட்டிங்க எல்லாரும் சௌக்கியமா? அடுக்கி அடுக்கிப் படுக்க வெச்சிருக்கியே!"

"உக்காரு, பகீத். தேயிலை இருக்கு."

தேநீர் குடித்து முடிக்கும்வரை பகீத் கேலியை விடவில்லை. குடித்ததும் குரல் இறங்கியது.

"ஊர்ல படகு கட்டுறவன் இந்த மரத்துக்கு ஒரு மூட்டை அரிசி தர்றேங்கிறான். ரெண்டு ஒட்டகச் சுமை போதும். குளிர் வர்ற வரைக்கும் நாங்க சாப்பிடலாம். கஸ்னா ஒரு வேளைதான் திங்கிறா. நீ கேக்கலை, நானே சொல்றேன்."

ஹத்லான் மணலைப் பார்த்தான்.

"குடுக்க மாட்டே. தெரியும்" என்றான் பகீத். "அப்ப இன்னொண்ணு கேக்குறேன். முப்பது பால் ஒட்டகம் வெச்சிருக்கிற ஒருத்தர், பொண்டாட்டி செத்துப்போனவர், கஸ்னாவைக் கேக்குறார். உன் பேர் அவமேல இருக்கிற வரைக்கும் முடியாது. மரத்தைக் குடு, இல்ல அவளை விடு. ரெண்டையும் நீயே பிடிச்சுக்கிட்டு இருந்தா எப்படி?"

"அவ கேட்டாளா?"

"அவ எதையும் கேக்கறதை விட்டுட்டா. கடைசியா உன்கிட்டக் கேட்டது ஒரு கம்பம்."

ஹத்லான் எழுந்து அடுக்குவரை போனான். ஒரு மரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றான். இரண்டு சுமை குறைந்தால் யாருக்குத் தெரியும்? காலிஸ் உயிரோடு இருக்கிறானா என்பதே தெரியாது. ஆனால் மூக்கைத் தொட்டது தன் விரல் என்பது தனக்குத் தெரியும். திரும்பி வந்து, பகீத்தின் முகத்தைப் பாராமல், மூன்று தரம் தலாக் சொன்னான்.  மரத்தைத்தான் தருவான் என்று பகீத் உள்ளூர நம்பி வந்திருந்தானாம், பின்னாளில் அவனே சொன்னது. போகும்போது, வைத்திருந்த பேரீச்சம்பழத்தில் பாதியை ஹத்லானின் துணியில் கொட்டிவிட்டுப் போனான்.

அன்றைக்கும் ஹத்லான் மரம் புரட்டினான். மீன் செதுக்கிய மரம் கைக்கு வந்தது. ஸலாம் சொல்லவில்லை.

போர் முடிந்து, போன நாளிலிருந்து நாலு வருஷத்துக்குமேல் ஆனபிறகு கம்பெனி திரும்பியது. மூன்று வண்டிகள். புது எஞ்சினியர் பார்லோ என்று ஒருவன், தீவைச் சேர்ந்த ஜவாத் என்கிற மொழிபெயர்ப்பாளன். ஹத்லான் இருக்கிற ஒரே நல்ல அங்கியைப் போட்டுக்கொண்டு அடுக்குக்கு முன்னால் நின்றான். தாடி வெளுத்துவிட்டிருந்தது.

"பார்த்துக்கோங்க" என்றான். "ஒண்ணு குறையலை. கரையான் இல்லை."

பார்லோவுக்குப் புரியவில்லை. ஜவாத் இரண்டு தரம் கேட்டு, இரண்டு தரம் சொன்னான். பார்லோ வண்டிக்குப் போய் ஒரு பழைய குறிப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து புரட்டினான். படித்துவிட்டு ஹத்லானை நிமிர்ந்து பார்த்தான். ஜவாத்திடம் மெதுவாக ஏதோ சொன்னான்.

"பெரியவரே, உக்காருங்க" என்றான் ஜவாத்.

"நின்னுக்கிட்டே கேக்குறேன்."

"இது ஹாலிஸோட புத்தகம். இதுல எழுதியிருக்கார். 'மிச்ச மரத்தையெல்லாம் ஹத்லானுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் கூடாரத்துக் கால் இன்னொரு குளிர்காலம் தாங்காது' அப்படின்னு."

காற்று தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

"அவன் என் மேலன்னு சொன்னான்" என்றான் ஹத்லான்.

"அவருக்கு நம்ம பேச்சு அரைகுறை, பெரியவரே."

"தெரியும்." அந்தப் புத்தகத்தைப் பார்த்தபடி, "அவன் எங்க?" என்றான்.

"கப்பலோட கடல்ல மூழ்கிப் போயிட்டார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம்."

ஹத்லான் தலையைக் குனிந்து அவனுக்காக ஒரு பிரார்த்தனை சொன்னான். பிறகு நிமிர்ந்தான். "வாங்கிக்கிட்டேன்னு இவனைச் சொல்லச் சொல்லு."

"இது உங்களோடதுங்கிறார் அவர். உங்ககிட்டயிருந்து எதை வாங்கிக்கிறது?"

"அவன் சொன்னது ஒரு சொல்லு. நான் பிடிச்சுக்கிட்டு நின்னது அந்தச் சொல்லை. ஒருத்தன் வாங்கிக்காம நான் எப்படிக் கீழ வைக்கிறது? சொல்லச் சொல்லு, தம்பி. கை வலிக்குது."

ஜவாத் நெடுநேரம் இங்கிலீஷில் பேசினான். பார்லோ தொப்பியைக் கழற்றினான். ஜவாத் சொல்லிக்கொடுக்க, ஒவ்வொரு சொல்லாக, எங்கள் பேச்சில் சொன்னான்: "வாங்கிக்கிட்டேன். உன் முகம் வெள்ளை."

ஹத்லான் அப்போதுதான் உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே, "இப்ப ஒரு கம்பம் கேக்கலாமா?" என்றான்.

"எல்லாமே எடுத்துக்கோங்கங்கிறார்."

"ஒண்ணு போதும்."

மீன் செதுக்கிய மரத்தை எடுத்தான். கடன் வாங்கிய ஒட்டகத்தின் விலாவில் அதைக் கட்டி, நாலு நாள் தெற்கே போனான். கஸ்னாவின் புதுப் புருஷனும் பகீத்தும் அந்தக் கோடையில் ஒரே கிணற்றருகே கூடாரம் போட்டிருந்தார்கள். புதுப் புருஷன் ஒட்டகங்களோடு மேய்ச்சலில் இருந்தார். பகீத்தின் கூடாரத்தில் பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு காப்பி ஊற்றினார்கள், ஏலக்காய் போட்ட நிஜக் காப்பி. திரைக்குப் பின்னால் திரிகை சுற்றும் சத்தம். ஹத்லானின் குரல் கேட்டதும் அது நின்றது.

"பகீத், உன் அக்காகிட்ட ஒண்ணு சொல்லணும். நீ இருக்கும்போதே சொல்றேன்" என்றான் ஹத்லான்.

"சொல்லு. திரைக்குக் காது இருக்கு."

ஹத்லான் திரையைப் பார்த்தே சொன்னான். "சித்தப்பா மவளே, நீ சொன்னதுதான் சரி. அவன் எனக்குன்னுதான் சொல்ல வந்தான். எழுதி வெச்சிருக்கான். நம்ம கூடாரத்துக் காலுக்காகத்தான் குடுத்திருக்கான்."

 பகீத் காப்பிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"ஒரு நஸ்ரானிக்கு நாக்கு வழுக்குனதுக்கா என் கூடாரம் விழுந்துச்சு?" என்றது திரை.

"ஆமா."

கஸ்னா சிரித்தாள். அந்தப் பழைய, புரையேறுகிற சிரிப்புத்தான். நடுவில் அது வேறு ஏதோவாக மாறியது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"ஒட்டகம் உன்னைத் தின்னுடுச்சு, பெரியப்பா மவனே" என்றாள்.

"ஆமா. ஒரு கம்பம் கொண்டுவந்திருக்கேன்."

"இப்ப நான் இருக்கிற கூடாரத்துக்குக் கால் இருக்கு."

"தெரியும். நீ கேட்டே, அதான் கொண்டுவந்தேன்."

திரிகை மறுபடி சுற்றத் தொடங்கியது. ஹத்லான் காப்பிக் கிண்ணத்தை ஆட்டிப் போதுமென்று காட்டிவிட்டு எழுந்தான். கட்டை அவிழ்த்துக் கம்பத்தைக் கூடாரத்தின் ஓரமாக மணலில் படுக்க வைத்தான், மீன் மேலே தெரியும்படி. பகீத் வெளியே வந்து அதைச் சுற்றிப் பார்த்தான். அவன் வாய் எவ்வளவு நேரம்தான் சும்மா இருக்கும்?

"ஹத்லான்! இதைத் தெளிவாச் சொல்லிட்டுப் போ. இது எனக்கா, என் மேலயா?"

ஹத்லான் ஒட்டகத்தின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி நின்றான். 

"அவளுக்கு" என்றான்.

உரக்கத்தான் சொன்னான், திரைவரை கேட்கும்படி. பிறகு ஒட்டகத்தை எழுப்பி, வந்த வழியே வடக்கே திரும்பினான். அங்கே அவனுக்கென்று மரம் ஒரு குன்றளவு கிடந்தது. அதில் ஒன்றை நட்டு நிறுத்த அவனிடம் கூடாரம்தான் இல்லை.